சூரியன் 4080 கெல்வினா? வானியல் கணக்கில் சிக்கினால் யாரிடம் போவது

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் சித்தி மகன் வானியற்பியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "அண்ணா, அசைன்மெண்ட்ல பன்னிரண்டு கணக்கு. நாலு போட்டுட்டேன். மீதிக்கு யார்ட்ட போறது? ஏஐ போதுமா, இல்ல ட்யூஷன் மாதிரி ஏதாவது இருக்கா?"

நியாயமான கேள்விதான். குவாண்டம் மெக்கானிக்ஸில் சிக்கினால் ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. கைடு இருக்கிறது, சீனியர் நோட்ஸ் இருக்கிறது, நெட் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன. வானியல் அப்படியில்லை. எங்கள் வகுப்பில் இதை எடுத்தவர்கள் ஒன்பதே பேர். ஜெராக்ஸ் கடையில் பழைய நோட்ஸ் கேட்டால், "அப்படி ஒரு பேப்பர் இருக்கா தம்பி?" என்று கடைக்காரரே திருப்பிக் கேட்டார். வழிகள் குறைவு என்பதால் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தவன். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பின்னால் திரும்பத் திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

பூமிக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட். வானத்தில் சூரியனின் கோண விட்டம் 32 கோண நிமிடம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். சூரியனின் ஆரமும் தரமாட்டார்கள், தூரமும் தரமாட்டார்கள். பார்த்தால் எரிச்சல் வரும், போட்டு முடித்தால் பிடித்துப்போகும். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதிப்படி சூரியனின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரும் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஆற்றலை வெளிவிடுகிறது. அது பரவிப் பரவி நம்மிடம் வரும்போது ஆரத்தைத் தூரத்தால் வகுத்த ஈவின் வர்க்கம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த ஈவுதான் சூரியனின் கோண ஆரம். ஆரமும் தூரமும் தனித்தனியாகத் தேவையே இல்லை. 16 கோண நிமிடத்தை ரேடியனாக மாற்றினால் 0.00465. போட்டுப் பார்த்தால் 5770 கெல்வின் வரும். புத்தகத்தில் இருப்பது 5772.

எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேரின் நோட்டில் இருந்த விடை 4080.

சார் நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "ஆறு பேருக்கு ஒரே சூரியன். மீதி மூணு பேர் வேற ஊரா?" அப்புறம், "சரி, 4080 கெல்வின்ல இருக்கிற நட்சத்திரம் என்ன நிறம்?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ஆரஞ்சு. அப்படி ஒரு சூரியனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒருவன் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருந்தான். வெப்பநிலை இரண்டின் வர்க்கமூலத்தால் குறைந்துவிட்டது. மற்ற ஐந்து பேரும் அவனைப் பார்த்து எழுதியவர்கள். நானும் அந்த ஐவரில் ஒருவன்.

இதனால் நண்பர்கள் என்ற வழி வேண்டாம் என்று சொல்லவரவில்லை. எனக்குக் கிடைத்த மிக நல்ல உதவியும் நண்பர்களிடமிருந்துதான் வந்தது. ஆனால் நண்பர்களிடம் போவது இரண்டு விதம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "யாராவது ஏழாவது கணக்கு போட்டோ அனுப்புங்கடா" என்று கேட்பது ஒன்று. காலி வகுப்பறையில் மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, மற்ற இருவரும் "அது ஏன்? அது எங்கேருந்து வந்தது?" என்று குடைவது இன்னொன்று. முதல் வகையில் தவறு தொற்றுநோய் மாதிரி பரவும். இரண்டாவதில் அது கரும்பலகையிலேயே மாட்டிக்கொள்ளும். அன்று விட்டத்தைப் போட்டவன் பலகையில் படம் வரைந்து காட்டியிருந்தால், சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கா, விளிம்பிலிருந்து விளிம்புக்கா என்று யாராவது ஒருவராவது கேட்டிருப்போம்.

ஒன்று கவனியுங்கள். சேர்ந்து போடுவதற்கு எல்லாரும் முதலில் தனியாக அரை மணி நேரமாவது முட்டிப் பார்த்திருக்க வேண்டும். யாருமே முட்டாமல் வந்தால் டீ குடித்துவிட்டுக் கலைவதுதான் நடக்கும்.

அடுத்தது ஆசிரியர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவர்களுக்கென்றே அறிவித்து வைப்பார்கள், கதவு திறந்திருக்கும். நம் கல்லூரிகள் பலவற்றில் அந்த வழக்கம் இல்லை. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "சார், ஒரு டவுட்" என்று தலையை நீட்ட வேண்டும். உள்ளே நாலு பேர் இருப்பார்கள். நம் சந்தேகம் அவர்களுக்கும் கேட்கும். அந்தக் கூச்சம்தான் பாதிப் பேரை இந்தக் கதவுப் பக்கமே விடுவதில்லை.

ஆனால் அசைன்மெண்டைப் போட்டவரே அவர்தான். கேள்வியில் எதை எதிர்பார்க்கிறார், எந்தத் தோராயம் போதும், ஒளிர்வை (வினாடிக்கு வெளிவிடும் மொத்த ஆற்றலை) எர்க்கில் கேட்கிறாரா வாட்டில் கேட்கிறாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். வானியற்பியலில் இந்த அலகுத் தொல்லை வேறெங்கும் இல்லாத அளவுக்கு உண்டு. சூரியனின் ஒளிர்வு ஒரு புத்தகத்தில் வினாடிக்கு 3.83 பெருக்கல் 10இன் 33ஆம் அடுக்கு எர்க் என்றிருக்கும். இன்னொன்றில் 10இன் 26ஆம் அடுக்கு வாட் என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஒளிர்வையும் இன்னொன்றிலிருந்து மாறிலியையும் எடுத்துப் போட்டால்தான் வம்பு. ஆசிரியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. "சார், இந்தக் கணக்கு வரல" என்றால் "நல்லா யோசிச்சுட்டு வா" என்று திருப்பி அனுப்புவார், அதில் தவறும் இல்லை. "சார், இந்த வரி வரைக்கும் வந்துட்டேன். இங்கே 4080 வருது, 5770 வரணும்" என்றால் தாளை வாங்கிப் பார்ப்பார். முப்பது வினாடியில் விரலை வைத்துவிடுவார். அந்த முப்பது வினாடிக்கு ஈடான உதவியை நான் வேறெங்கும் பெறவில்லை.

ஆசிரியரைவிட எளிதாக எட்டும் ஒரு கதவு பெரும்பாலான துறைகளில் இருக்கிறது: ஸ்காலர் எனப்படும் ஆய்வு மாணவர்கள். எங்கள் துறையில் ஓர் அக்கா இருந்தார். மாறொளிர் விண்மீன்களில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லேபில் இருப்பார். எதைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "படம் வரைஞ்சியா?" வரையவில்லை என்றால் பேசவே மாட்டார். ஒரு தடவை சிரியஸ் விண்மீன் கணக்கைக் கொண்டுபோனேன். தோற்ற ஒளித்தரம் (நம் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு) −1.46, தூரம் 2.64 பார்செக் (வானியலில் தூரத்துக்கான அலகு), தனி ஒளித்தரம் (பத்து பார்செக் தூரத்தில் வைத்தால் தெரியும் பிரகாசத்தின் அளவு) என்ன? நான் பைத்தான் நிரலில் போட்டு 5.20 என்று எழுதியிருந்தேன். அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "சூரியனோட தனி ஒளித்தரம் எவ்வளவு?" என்றார். 4.83 என்றேன். "அப்ப சிரியஸ் சூரியனைவிட மங்கலா?" என்றார். ஒளித்தரத்தில் எண் கூடினால் வெளிச்சம் குறையும், தலைகீழ்க் கணக்கு. அப்போதுதான் உறைத்தது. பைத்தானில் லாக் என்று மொட்டையாக எழுதினால் அது இயல் மடக்கை. வானியல் சூத்திரத்துக்கு வேண்டியது பத்தடி மடக்கை. சரியாகப் போட்டால் 1.43 வருகிறது. அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிரியஸ் சூரியனைப் போல் சுமார் 23 மடங்கு பிரகாசம்.

அக்கா எனக்கு விடையைச் சொல்லவில்லை. என் விடை அபத்தம் என்பதை நானே பார்க்கும்படி ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். உதவிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். விடை தருகிறதா என்பதைவிட, நான் எங்கே வழுக்கினேன் என்று காட்டுகிறதா என்று பார்க்கிறேன். காரணம் எளிது. எங்கள் கல்லூரியில் உள்மதிப்பீடு 25, அதில் அசைன்மெண்ட்டுக்கு 5. மீதி 75 தேர்வு அறையில். அங்கே பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

சரி, ஏஐ. தம்பி உண்மையில் கேட்டதே இதைத்தான்.

நான் படித்தபோது இது இல்லை. அதனால் போன வாரம் அவனுக்காக உட்கார்ந்து சூரியக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். சில வினாடிகளில் 5770 என்று அழகாக, படிப்படியாகப் போட்டுத் தந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு விளையாட்டு. "கோண விட்டத்தைத்தானே போட வேண்டும், நீ தவறு செய்துவிட்டாய்" என்று அடம்பிடித்தேன். இரண்டாவது தடவை சொன்னதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 4080க்கு இறங்கிவந்துவிட்டது. எங்கள் சார் இறங்கியிருப்பாரா? வேறொரு நாள், வேறொரு கருவியில் இப்படி நடக்காமலும் போகலாம். ஆனால் சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே பணிவோடு, ஒரே தெளிவோடு சொல்லும் ஒருவரிடம் கேட்கிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

அதற்காக ஒதுக்கிவைக்கவும் சொல்லமாட்டேன். நள்ளிரவில் விழித்திருக்கும் ஒரே ஆள் அதுதான். கூச்சமில்லாமல் கேட்கலாம். "பார்செக் என்றால் என்ன, அதை ஏன் ஒளியாண்டில் சொல்லக் கூடாது?" என்று பி.எஸ்சி. முதலாண்டுக் கேள்வியைக் கேட்டாலும் முகம் சுளிக்காது. ஆங்கிலப் புத்தகத்தின் ஒரு பத்தி புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லலாம். கேள்வி புரியாதபோது நல்ல துணை. எனக்குத் தெரிந்து அதைப் பயன்படுத்த ஒழுங்கான முறை ஒன்றுதான். முழுக் கணக்கையும் கொடுத்து விடை கேட்காமல், நாம் போட்ட வரிகளைத் தட்டி, "விடை சொல்லாதே, எந்த வரியில் பிசகு என்று மட்டும் சொல்" என்று கேட்பது. அது சொல்வதை நம் கால்குலேட்டரில் சரிபார்ப்பது. இன்னொன்று, உங்கள் துறையில் அசைன்மெண்ட்டுக்கு ஏஐ அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆசிரியர்கள் எதிர்ப்பதில்லை. சிலர் கண்டுபிடித்தால் தாளையே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இணையக் கேள்வி-பதில் தளங்களும் உண்டு. ஃபிசிக்ஸ் ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் போன்ற இடங்களில் "இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள், அது அவர்கள் விதி. நாம் எதுவரை வந்தோம், எந்தக் கருத்தில் குழப்பம் என்று எழுதினால் சில சமயம் ஆராய்ச்சியாளர்களே பதில் தருவார்கள். பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தாள் கொடுக்க வேண்டியவனுக்கு வியாழக்கிழமை இரவில் இது உதவாது. ஆனால் ஒரு லாபம் உண்டு: ஒழுங்காகக் கேள்வி எழுத உட்கார்ந்தாலே பாதிச் சமயம் விடை கிடைத்துவிடுகிறது. நானே மூன்று தடவை எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்திருக்கிறேன்.

காசு கட்டி விடை வாங்கும் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மாதச் சந்தா கட்டினால் பெரிய பாடநூல்களின் கணக்குகளுக்குத் தீர்வு காட்டுவார்கள். ஒரு மாதம் கட்டியிருக்கிறேன். நான் தேடிய கணக்குக்கு இருந்த தீர்வில் கோண நிமிடத்தைப் பாகையாக மாற்றிவிட்டு, ரேடியனாக மாற்ற மறந்திருந்தார்கள். சூரியன் 762 கெல்வின். அலுமினியம்கூட உருகாத சூரியன். எழுதியவர் யார் என்று தெரியாது, திருத்தச் சொல்ல ஆளில்லை, கட்டிய பணமும் திரும்ப வராது. அசைன்மெண்டை எழுதியே தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அது உதவியில் சேராது.

தனி ட்யூஷன் பற்றியும் தம்பி கேட்டான். எங்கள் பக்கத்தில் வானியற்பியலுக்கென்று யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் பாடம் எடுக்கும் ஒருவர் கதிர்வீச்சு, வெப்ப இயக்கவியல் பகுதிகளில் அருமையாக உதவினார். வானக்கோளம் (எந்த விண்மீன் வானத்தில் எங்கே தெரியும் என்ற கணக்கு), ஒளித்தரம் என்றதும், "தம்பி, இது நம்ம ஏரியா இல்ல" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். என்பிடெல் காணொளிகள் இலவசம், ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள். கருத்து புரியாத இடத்துக்கு நல்லது. ஆனால் ஒரு கணக்குக்காக மணிக்கணக்கில் காணொளி பார்ப்பது தேங்காய்ச் சில்லுக்காகத் தென்னை நடுவது மாதிரி. செமஸ்டர் தொடங்கும்போதே பார்த்துவைத்தால் சரி.

மனிதர்களும் இயந்திரமும் தவிர இன்னொரு வழி இருக்கிறது. வானியலுக்கு மட்டுமே வாய்த்த வழி, ஆனால் யாரும் அதை உதவி என்று நினைப்பதில்லை. வானமேதான்.

நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது வானக்கோளக் கணக்குகளில். அதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் வைத்திருக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்டவை. படங்கள் 40, 50 பாகை வடக்கு அட்சரேகைக்கு வரைந்தவை. அங்கே துருவ நட்சத்திரம் வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும். சப்தரிஷி மண்டலம் ஏறக்குறைய மறைவதே இல்லை. புத்தகம் அதை "மறையாத விண்மீன்கள்" என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகும். திருச்சி 10.8 பாகையில் இருக்கிறது. இங்கே துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில், பக்கத்து வீட்டு மாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சப்தரிஷி முழுசாக உதித்து முழுசாக மறையும். நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) 79 பாகைக்கு மேல் உள்ள விண்மீன்கள்தான் நமக்கு மறையாதவை. துருவ நட்சத்திரத்தைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி அங்கே பெரிதாக எதுவும் இல்லை. புத்தகப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு நம்மூர் அட்சரேகைக்குக் கணக்குப் போட்டால் குழம்பாமல் என்ன செய்யும்?

இதற்கு ஏஐயைவிட, சாரைவிட எனக்கு உதவியது மொட்டைமாடியும் ஸ்டெல்லேரியமும். ஸ்டெல்லேரியம் வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள். ஊரை மாற்றினால் வானம் மாறும். நேரத்தை வேகமாக ஓட்டினால் விண்மீன்கள் துருவத்தைச் சுற்றுவதைப் பார்க்கலாம். அகத்திய விண்மீன் (கனோபஸ்) கணக்கு ஒன்று எங்களுக்கு வந்தது. அதன் நடுவரை விலக்கம் −52.7 பாகை. உச்சிக்கோட்டை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கோட்டை) கடக்கும்போது திருச்சியிலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும்? 90இலிருந்து 10.8ஐயும் 52.7ஐயும் கழித்தால் 26.5 பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி. பிப்ரவரி மாத இரவில் தெற்குப் பக்கம் பார்த்து எண்ணிப் பார்த்தேன், இருந்தது. அதே சூத்திரத்தில் லண்டனின் 51.5ஐப் போட்டால் விடை எதிர்க்குறியில் வரும். அவர்களுக்கு அகத்தியர் எழுவதே இல்லை. அந்தச் சூத்திரம் அதற்கப்புறம் எனக்கு மறக்கவில்லை.

எண்களைச் சரிபார்க்க சிம்பாட் என்ற விண்மீன் தரவுத்தளம் இருக்கிறது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து நடத்துகிறார்கள். விண்மீன் பெயரைத் தட்டினால் இடமாறு (தூரத்தைக் கணக்கிட உதவும் கோணம்), ஒளித்தரம், நிறமாலை வகை எல்லாம் வரும். கேள்வியில் தந்த எண்ணும் நம் விடையும் உலகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க இது போதும். பைத்தான் தெரிந்தவர்கள் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல்தொகுப்பின் அலகு வசதியைப் பழகிக்கொள்ளலாம். எண்ணோடு அலகையும் சேர்த்தே கொண்டுபோகும். பொருந்தாத அலகுகளைக் கூட்டப் போனால் நின்றுவிடும். கோண நிமிடத்தை ரேடியனாக மாற்றச் சொன்னால் மறக்காமல் மாற்றும். விட்டமா ஆரமா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வரிசை இப்படித்தான் இருக்கிறது. கேள்வியே புரியவில்லை என்றால் படம், அப்புறம் ஏஐ. புரிந்து, போட்டு, எண் மட்டும் இடிக்கிறது என்றால் முதலில் சிம்பாட்டோ ஸ்டெல்லேரியமோ பார்த்து எவ்வளவு இடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, தாளோடு ஸ்காலரிடம். 4080க்கும் 5770க்கும் இடையே இரண்டின் வர்க்கமூலம் இருப்பதைக் கண்டால், எங்கோ ஓர் இரண்டு தப்பியிருக்கிறது என்று தாளே சொல்லிவிடும். ஸ்காலர் இல்லாத துறை என்றால் கூச்சத்தை விட்டுவிட்டு ஸ்டாஃப் ரூம். நேரமே இல்லை, நாளைக் காலை கொடுக்க வேண்டும் என்றால், போட்டவரை எழுதி, எங்கே நின்றேன் என்றும் ஒரு வரி எழுதிக் கொடுப்பேன். எங்கள் சார் அதற்குப் பாதி மதிப்பெண் போடுவார். பார்த்து எழுதிய 4080க்கு ஒன்றும் போடவில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். மீதி எட்டுக் கணக்கில் மூன்று வானக்கோளம். "இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மாடிக்குப் போய் வடக்கே பாரு, துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்குன்னு முஷ்டியால அளந்து சொல்லு" என்றேன். எட்டரைக்கு மெசேஜ் வந்தது. வடக்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதாம். ஸ்டெல்லேரியம் இறக்கிக்கொண்டிருக்கிறான்.